ஒன்பதரை மணிக் கரண்ட்

மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் மிக்தாலியாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கரண்ட் வந்துருச்சு!" என்று லா பெர்லா தெருவே கத்தியது. அவள் கத்தவில்லை. நான்கு நாளாக எட்டிப் பார்க்காதது இன்று காலை ஒன்பதரைக்கு ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் வேலையாகக் கணவன் அர்செனியோவின் மூச்சுக் கருவியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வாசலில் சைக்கிளோடு தமாசோ நின்றிருந்தான். ஊரின் மின் அலுவலகப் பொறுப்பாளன்.

"என்ன தோழரே, தெருமுனை வீட்டுல ஆரம்பிக்காம நேரா நடுத்தெருவுல இருக்கற எங்க வீட்டுக்கு வந்துட்டே? எம்மேல அவ்வளவு பயமா?"

"போன மாசம் எங்க ஆபீஸ் வாசல்ல சட்டியைத் தட்டி ஊரைக் கூட்டினது நீங்கதானே அக்கா? அதான்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரங்க வராங்க. சோலார் தகடு எந்த ஊருக்குக் கொடுக்கலாம்னு பார்க்க. அவங்க போற வரைக்கும் பெரிய சாமான் எதையும் போடாதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது."

"கரண்ட் இல்லாத ஊருக்குத்தானே கொடுப்பாங்க? இருக்குன்னு காட்டினா எவன் கொடுப்பான்?"

"தெருவுல கரண்ட் இருக்கணும்னு மாகாணத்து உத்தரவு. நாட்டு மானமாம்."

"மானமா?" உள்ளே இழுத்து இழுத்து இருமிய அர்செனியோவைக் கை காட்டினாள். "நாலு நாளா இந்த மனுஷன் மீன் மாதிரி வாயைத் திறந்துக்கிட்டுக் கெடந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா அங்கயும் இருட்டு. இத்தனை வருஷம் நாட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு இருந்துட்டு, இப்பதான் சட்டத்தை மாத்தி நாலு பேரை உள்ள கூப்பிட்டிருக்கீங்க. வர்றவங்ககிட்டயும் பொய்யா?"

தமாசோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். சோத்துக் குக்கர், இஸ்திரிப் பெட்டி, தண்ணி மோட்டார், எதுவும் வேண்டாம். அக்கம்பக்கத்துலயும் சொல்லிடுங்க."

சொன்னாள். நடுத்தெருவில் நின்று, தொண்டை கிழியச் சொன்னாள்.

"எல்லாத்தையும் போடுங்க! பத்தரைக்கு மேல இருக்காது! மோட்டாரைப் போடுங்க, பீன்ஸை வேக வைங்க!"

அந்த ஊரில் அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் வந்தால் கை தானாக சுவிட்சுக்குப் போகும்.

பத்து மணிக்கு வண்டிகள் வந்து நின்றன. கோட்டுப் போட்ட மாகாண அதிகாரி சிரித்தபடி இறங்கினார். கம்பத்திலிருந்த பெட்டி நீலப் பொறி கக்கி, 'டொம்' என்று வெடித்தது.

தெரு முழுக்க விசிறிகள் நின்றன. அந்த அமைதியில் அர்செனியோவின் இழுப்பு ஜன்னல் வழியாக வெளியே கேட்டது.

வெளிநாட்டுக்காரர்களில் வெள்ளைத் தொப்பிப் பெண்மணி ஒருத்தி வண்டியிலிருந்து இறங்கி நேராக உள்ளே வந்தாள். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "இது மாதிரி எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாம இருக்கும்?"

"மணிக்கணக்கா? நாலு நாளும்மா."

அவள் கருவியைத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கும் நடந்து போய்ப் பார்த்தாள். வண்டி ஏறும்போது மொழிபெயர்ப்பாளர் சத்தமாகவே சொன்னார்: "பட்டியல்ல இந்த ஊர்தான் முதல்ல."

மாகாண அதிகாரி தமாசோவைத் தெருவில் வைத்தே கிழித்தார். அடுத்த மாதம் அவனுக்கு அந்த நாற்காலி இருக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தனியாக நின்றவனிடம் மிக்தாலியா ஒரு கோப்பைக் காப்பியோடு போனாள். கோபம் எங்கோ இறங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கோ தம்பி. நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சைக்கிளில் ஏறியபடி தமாசோ சொன்னான்:

"நீங்க கேப்பீங்கன்னு நெனைச்சிருந்தா முதல்ல உங்க வீட்டுக்கா வந்திருப்பேன்?"