முழங்காலின் காய்ப்பு

ஜெபம் பண்ண பாக்கியநாதன் முழங்காலில் நின்றதும் சிமெண்ட் தரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய் முழங்காலே! வாசல்ல அவர் தம்பி மழையில நின்னு, 'மன்னிச்சிருண்ணே, கதவத் திறண்ணே'ன்னு கெஞ்சுறான். எந்திரி!"

"ஜெபத்துக்கு நடுவுலயா? என் காய்ப்பைப் பாரு. முட்டி போட்டுப் போட்டே வந்தது. முன்னெல்லாம் வலிக்கும். இப்ப முள்ளு குத்துனாலும் தெரியாது," என்று முழங்கால் பெருமையடித்தது.

"இது ஒரு பெருமையா? வெறும் சிமெண்ட்டு நான். கதவுக்கடியில வர்ற மழைத்தண்ணியில எனக்கே உடம்பெல்லாம் சில்லிட்டுப் போச்சு. தோலும் சதையுமா இருக்குற உனக்கு ஒண்ணுமே உறைக்கலையா?"

வாசலில் குரல் ஓய்ந்தது. வெளி கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பாடா! இனி நிம்மதியா ஜெபிக்கலாம்," என்று முழங்கால் தரையில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டது.