கப்பல்துறை ரோல்ஸ் கடை

போன் அடிக்கத் தொடங்கியதும் நகுலேஸ்வரன் மேசை விசிறியைச் சுழலவிட்டார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார். வெறும் பெனியனோடு கதிரையில் அமர்ந்து, போத்தல் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டுதான் வீடியோ அழைப்பை எடுத்தார்.

“சரியான வெக்கையோ?” என்றாள் அவருடைய மனைவி தாட்சாயினி. அவள் மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீட்டுக் குசினியில், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்துக்கொண்டு நின்றாள்.

“அதை ஏன் கேக்கிறீர்? விசிறியும் பத்தாது. செயின்ட் லூசியா வெயிலெண்டாச் சும்மாவோ?”

“இஞ்ச குளிர் உயிரை எடுக்குது. நேற்று எங்கட ரோட்டில ஸ்னோ அள்ளினவங்கள். காரை எடுக்கச் சொல்லி லொறி சைரன் ஊதினதும் வீட்டுச் செருப்போட ஓடிப்போய் எடுத்தனான். கொஞ்சம் பிந்தியிருந்தா இழுத்துக்கொண்டு போயிருப்பாங்கள்.”

“கவனமப்பா, வழுக்கும்.”

அன்று தைப்பொங்கல். அவளுக்குப் பின்னால் அடுப்பில் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. போனுக்குள்ளால் மணம் வராது என்று தெரிந்தும் நகுலேஸ்வரன் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“கடையில பொங்கினீங்களோ?”

“ஓம். வாசல்ல வச்சுப் பொங்கினனான். பக்கத்துக் கடைச் சனமெல்லாம் வந்து பாத்தது.”

வருடக்கணக்காக மொன்றியல் உணவகங்களில் மற்றவன் சட்டியைக் கிளறிய மனிதர் அவர். உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கிற செயின்ட் லூசியாத் தீவின் துறைமுகத்தில், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸுக்குச் சின்னதாக ஒரு கடை போட்டால் நிமிர்ந்துவிடலாம் என்று, சேமிப்பையெல்லாம் வழித்துத் துடைத்துக்கொண்டு போனார். அனுமதிக்கு அலைந்ததும், கப்பலில் அனுப்பிய அடுப்பு சுங்கத்தில் கிடந்து துருப்பிடித்ததுமாய்ப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் ரோல்ஸ் வாயில் பட்டதும் தீவுச் சனத்துக்குப் பிடித்துப்போனது. சின்னப் பிள்ளைகளும் அவரை “மிஸ்டர் ஈஸ்வரன்” என்று கூப்பிட்டார்கள்.

புறப்படும்போது தாட்சாயினியின் அண்ணன் தியாகராசா, இவர்களுடைய வீடு நிறைந்த சபையில் வைத்து, “கோப்பை கழுவினவனுக்குக் கடை ஒரு கேடோ?” என்று கேட்டுவிட்டார். நகுலேஸ்வரன் பொல்லாத ரோசக்காரர். “கடையை நிமித்திக் காட்டாமல் இந்த வாசலை மிதிக்கமாட்டன்” என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அந்த ஒரு பேச்சு இன்றுவரை அவர் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

“புயல் கொண்டுபோன கூரையைப் போட்டாச்சோ?”

“அது கார்த்திகையிலேயே போட்டாச்சு. இப்ப கப்பல் வாற சீசன். யாவாரம் பறவாயில்லை.”

“மெலிஞ்சு போனியள். வெளுத்தும் போனியள்.”

“கடைக்குள்ளயே நிக்கிறன். அதுதான்.”

மகள் சாம்பவி எங்கிருந்தோ ஓடிவந்து போனைப் பறித்தாள். “பப்பா, கடல் காட்டுங்கோ! சில் து ப்ளே!” என்று பிரெஞ்சும் கலந்து கெஞ்சினாள்.

“பேந்து காட்டுறன் செல்லம். இப்ப வெளியில கண் கூசுற வெயில்.”

“எப்பவும் பேந்துதான்.” பிள்ளை முகம் சுருங்கி, போனைத் தாயிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டது ஒரு பொம்மைகூட இல்லை, கடல்தான். அதற்கும் வழியில்லாத தகப்பனாகிப் போனோமே என்று நகுலேஸ்வரன் மூடிய ஜன்னல் திரையைப் பார்த்தார்.

தாட்சாயினி பேச்சை மாற்றினாள். “உங்களோட குசினியில வேலை செய்த, இஞ்ச லாசால் பக்கம் இருக்கிற றெக்ஸ் அண்ணையை முந்தநாள் மரக்கறிக் கடையில கண்டனான். எப்பவும் நிண்டு கதைக்கிற மனுசன், என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிப் போறார். உங்களுக்குள்ள ஏதும் கோபமோ?”

“சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை. வேலைக் களைப்பில போயிருப்பான்.”

“அப்பிடித்தான் நானும் நினைச்சனான்.” அவள் பானைப் பக்கம் திரும்பி, அகப்பையால் ஒருதரம் கிளறினாள். “கயுப் பருப்புப் போட்டு, உங்களுக்குப் பிடிச்ச மாதிரிச் சர்க்கரையும் கூடப் போட்டனான். ஆர் சாப்பிடப் போகினமோ தெரியாது.”

நகுலேஸ்வரன் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து, ஏறி இறங்குகிற சைரன் ஒன்று நீளமாக ஊதியது.

“திரும்பவும் ஸ்னோ அள்ள வந்திட்டாங்கள் போல,” என்று நகுலேஸ்வரன் அவசரமாகச் சொன்னார். “ஓடிப்போய்க் காரை எடும். நான் பேந்து எடுக்கிறன்.”

தாட்சாயினி ஓடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. கோபம் மருந்துக்கும் இல்லை.

“எங்கட ரோட்டில நேற்றே அள்ளி முடிச்சிட்டாங்கள். இஞ்ச ஒரு சைரனும் ஊதேல்லை,” என்றாள். “றெக்ஸ் அண்ணையின்ர காரை எடுக்கச் சொல்லிப்போட்டு, பொங்கல் ஆறமுன்னம் வீட்டை வாங்கோ.”