தெரியாத பாஷை

சந்திரனுக்குத் தன் மூளையைப் பற்றி எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம். அந்த விஷயத்தில் அவன் மனைவி இதுவரை கருத்து எதுவும் சொன்னதில்லை.

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் இருந்தது அவனுடைய தூண்டில் ரிப்பேர் கடை. காவிரிக்கு மீன் பிடிக்கப் போகிற பெரிய மனிதர்களின் ராடும் ரீலும் அவனிடம்தான் வரும். ரீலை வாங்கிக் காதோரம் வைத்து ஒரு சுற்று சுற்றுவான். "என்ன சார், ஜீப்ல இருந்து விழுந்துடுச்சா?" என்பான். தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லியிருந்த ஆசாமி ஆடிப்போவார்.

ரீல் ரிப்பேர் செய்கிறவன் கொஞ்சம் ரீலும் விடத்தான் செய்வான். உண்மை என்னவென்றால், வந்தவர்கள் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவன் எதிரிலேயே தங்கள் பாஷையில் பேசி முடிவு செய்வார்கள். பெங்களூரில் கன்னடத்திலோ தெலுங்கிலோ யாரும் ரகசியம் பேசமாட்டார்கள். மங்களூர்க்காரர்கள் மட்டும் கொங்கணியில் தைரியமாகப் பேசுவார்கள். ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கிற தமிழனுக்குக் கொங்கணி எங்கே புரியப்போகிறது?

சந்திரனுக்கு நன்றாகப் புரியும். புரியாத மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் அவன் தொழில் திறமை. ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த வாரம் கடை பீரோவுக்குள் சீனிவாசராகவன் சாரின் ரீல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளை ரீல். சார் மீனை வாயில் வைக்காத ஐயங்கார். பிடித்த மீனைத் தட்டிக்கொடுத்து ஆற்றிலேயே விட்டுவிடுவார். லண்டனிலிருந்து ஆள் வந்து கேட்டும் அந்த ரீலை அவர் கொடுக்கவில்லை. சர்வீசுக்குக் கொடுத்துவிட்டு மைசூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அது தொலைந்தால் ஊரில் ஒருவரும் சந்திரனை நம்பித் தூண்டில் முள்ளைக்கூடத் தரமாட்டார்கள்.

சாயங்காலம் டென்சில் என்று ஒருவர் நண்பரோடு வந்தார். ராடில் தூண்டில் நரம்பு ஓடும் வளையம் ஒன்று கழன்றிருந்தது. சந்திரன் மண்ணெண்ணெயில் பல்சக்கரத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

டென்சில் நண்பரிடம் கொங்கணியில் பேசினார். ரீல் அந்த பீரோவில்தான் இருக்கிறது. மாற்றுச் சாவி தயார். ராத்திரி வந்தால் வேலை முடிந்தது. கடைக்காரன் சுத்த மக்கு, அவனைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கடைசி வாக்கியத்துக்குத்தான் சந்திரனுக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, "வளையம் புதுசு போட்டுடட்டுமா சார்?" என்று கேட்டான்.

"போடுப்பா. நாளைக்கு வர்றோம்" என்றார் டென்சில், தமிழில்.

அவர்கள் போனதும் சந்திரன் யோசித்தான். போலீஸுக்குப் போனால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கொங்கணி ரகசியம் அம்பலமாகிவிடும். வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்றால், வீட்டுக் கதவு பலமாகத் தும்மினாலே திறந்துகொள்ளும். அப்போதுதான் பக்கத்து பேக்கரி ஓஸ்வால்டின் நினைவு வந்தது. காலையில் ரொட்டி, சாயங்காலம் பைபிள் என்று இருக்கிற மனுஷன். ராத்திரியும் பேக்கரியிலேயே படுக்கிறவர்.

"எனக்கு எதுக்குப்பா இந்த வம்பு? ஸ்டேஷனுக்குப் போ" என்றார் ஓஸ்வால்டு.

"ஒரே ஒரு ராத்திரிதாண்ணா. உங்க அடுப்பு பக்கத்துல எவன் வந்து தேடப்போறான்?"

"நீ கேட்டுக்கிட்டது அவங்களுக்குத் தெரியுமா?"

"அதெப்படிண்ணா தெரியும்? எருமை மேல மழை பேஞ்ச மாதிரி உக்காந்திருந்தேன்."

ஓஸ்வால்டு பெருமூச்சு விட்டார். வேண்டா வெறுப்பாக ரீலை ஒரு துணியில் சுற்றி, மைதா டின்னுக்குள் இறக்கி மூடினார்.

சந்திரன் கடைக்குத் திரும்பி, உள்ளே ஸ்பிரிங்கூட இல்லாத துருப்பிடித்த ரீல் ஒன்றை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினான். திருட வந்தவர்கள் அதை வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கிற காட்சியை நினைத்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

காலையில் ஓடோடி வந்தான். கடைப் பூட்டு போட்டபடி இருந்தது. பீரோவும் அப்படியே. துருப்பிடித்த ரீலை யாரும் தொட்டிருக்கவில்லை. இவ்வளவு யோசித்துச் செய்த வேலை வீணாய்ப் போனதே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பேக்கரிக்குப் போனான். ஷட்டர் இறங்கியிருந்தது. ரொட்டி வாசனையே இல்லை. சந்தில் பூ விற்கும் சந்திரம்மா வாசல் படியில் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓஸ்வால்டு அண்ணன் எங்கம்மா?"

"இருட்டோடவே ஊருக்குப் போய்ட்டாருண்ணா. ரெண்டு பேரு கார் எட்த்துக்கினு வந்தாங்க. நேத்து உங்க கடையில வளையம் போட குட்த்தாங்களே, அவுங்கதான். இவுரு மைதா டின்ன மடியில வெச்சிக்கினு முன்னாடி சீட்ல குந்திக்கினாரு."

"அவங்க கூடவா?"

"ஆமாண்ணா. சிரிச்சிப் பேசிக்கினு போனாங்க. அவுங்க பாஷையில."

சந்து முனையில் சீனிவாசராகவன் சாரின் ஸ்கூட்டர் திரும்புகிற சத்தம் கேட்டது. சந்திரன் படியில் சந்திரம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பாழாய்ப்போன மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. டென்சில் நேற்று கொங்கணியில் பேசியது நண்பருக்காக அல்ல, அவன் காதில் விழட்டும் என்றுதான்.

அவனுக்குக் கொங்கணி தெரியும் என்பது அந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் - பேக்கரி பெஞ்சில் உட்காரவைத்து, தினம் ஒரு பன்னும் கொடுத்து, அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஓஸ்வால்டுக்கு.