கிழக்குப் பக்கத் துளைகள்

லம்பா லைன் குவார்ட்டர்ஸில் பகல் பதினோரு மணிக்கே தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. ஏணியின் மேல்படியில் நிற்கிறார் தங்கையா, அரசாங்கத் தச்சர், அடுத்த வீட்டுக்காரர். வீடு அடுப்பாய்க் கொதிக்கிறது என்று பங்கஜத்தின் கணவர் எழுதிக் கொடுத்த மனுவுக்காக வந்திருக்கிறார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்ட துளைகளிலிருந்து, சுருட்டித் திணித்த பழைய செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போடுகிறார். பங்கஜம் குனிந்து பொறுக்குகிறாள். “ஹவா வர்ற வழிய பந்த் பண்ணிட்டு, ஹவா இல்லேன்னா எப்படிக்கா?” என்று சிரிக்கிறார். “பல்லி வருதுன்னுதான்…” என்கிறாள் பங்கஜம். “பல்லியா?” அவர் எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறார். மேற்குப் பக்கத் துளைகள் அத்தனையும் திறந்தே இருக்கின்றன. அடைத்திருப்பது கிழக்கில் மட்டும். கிழக்கே, கூப்பிடு தூரம்கூட இல்லை, அவர் மனைவி அன்னம்மாள் சாக்கு விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. கடைசித் தாளையும் உருவுகிறார். கடற்காற்று குபுகுபுவென்று இறங்கிக் காலண்டரைப் படபடக்க வைத்து, பங்கஜத்தின் கழுத்து வேர்வையைத் தொடுகிறது. கூடவே அந்த வாடையும் வருகிறது. “பின்பக்கம் காயவைக்கச் சொல்லிடறேங்க்கா” என்கிறார், அவள் முகத்தைப் பார்க்காமல். குரலில் கோபமே இல்லை. வேண்டாமென்று சொல்ல வாயெடுக்கும்போதுதான், தான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது பங்கஜத்துக்குத் தெரிகிறது. தாள்களை மார்போடு அணைத்துக்கொள்கிறாள்.

“இப்ப நல்லாக் காத்து வருதாக்கா?” வெளியிலிருந்து அன்னம்மாள் கேட்கிறாள்.