முள்கம்பி

“இங்க பாருக்கா, இது ஒரு வெள்ளைக்காரன் பண்ணை. நடுவுல ஒத்தையடிப் பாதை. யார் வேணா போலாம். அவனே நெனச்சாலும் அடைக்க முடியாது. சட்டம்.”

இங்கிலாந்தில் காலை நடை போய்க்கொண்டே வீடியோவில் பேசினான் கிளாட்வின். ஆந்திர எல்லையிலுள்ள விஜயபுரத்தில் அவன் அக்கா தபிதாவும் மதிய ஷிப்டுக்காக உச்சி வெயிலில் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

“இங்க அடைச்சிட்டாங்கடா. பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கால போற பாதைல முள்கம்பி. ஊரே ஏரியச் சுத்திக்கினு போவுது. இன்னிக்கும் பஸ்ஸ உட்டுட்டேன். இப்படியே லேட்டா போனா கம்பெனில வேலைய உட்டுத் தூக்கிடுவாங்க.”

“ஜனங்க நடக்கற பாதைய அடைக்க எவனுக்கு அவ்ளோ திமிரு? கம்பிய அறுத்துப் போடு.”

“அறுத்துடலாமா?”

“அறுக்கா. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்.”

தபிதா போனைத் திருப்பி, வேலியில் தொங்கிய பலகையைக் காட்டினாள். உள்ளே வரக் கூடாது என்று தெலுங்கில் எழுதி, கீழே நிலத்துக்காரர் பெயரும் போட்டிருந்தது.

கிளாட்வின் நடப்பதை நிறுத்தினான்.

“போட்டோவுல பாத்து வாங்கி, போன்லயே ஆள் வச்சு நாலு பக்கமும் கம்பி அடிச்சியே, அந்த மனைதான்,” என்றாள் தபிதா. “கட்டிங் பிளேயர் என் பையிலதான் இருக்குது. இன்னொரு தடவ சொல்லு.”