கோட்டுக்கு வெளியே

மாத்தளையில் நல்லையாவின் மகள் சரோஜாவைப் பெண் பார்க்க, ரத்தோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா இராசமாணிக்கம் வந்திருந்தார். பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதால், கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த நல்லையாவின் பழைய படம் சுவரில், பெட்மின்டன் மட்டையோடு.

"மலாயா வரைக்கும் போய் சிலோனுக்காகத் தனியா ஆடினவருங்க" என்றாள் அவர் மனைவி அழகாயி. "கடைசி ஆட்டம் கொழும்புல. கோட்டுமேல விழுந்த பந்தை வெளியன்னு சொல்லிட்டான், கோடு பார்த்த பாவி. அவனும் நம்ம நாட்டு ஆளுதான்! அன்னைக்குத் தோத்தவரு, அப்புறம் மட்டையத் தொடவே இல்ல. அவன் வெளங்குவானா?"

இராசமாணிக்கம் எழுந்துவிட்டார்.

"தங்கச்சி, அன்னைக்குக் கோடு பார்த்தது நான்தான். மறைச்சு சம்பந்தம் பண்ண மனசு வரல. கெளம்புறேன்."

உள்ளே சரோஜாவின் வளையல் சத்தம் நின்றது.

"உக்காருங்க" என்றார் நல்லையா. "தரகர் உங்க பேரச் சொன்னப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வரச் சொன்னேன்."

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் அழகாயி.

"பந்து ரெண்டு விரக்கடை வெளியதான் விழுந்துச்சு, அழகாயி. பன்னெண்டு வருசமா பொய் சொன்னது நான்தான். போ, சம்பந்திக்குச் சூடா வேற தேத்தண்ணி கொண்டா."