வலிக்குப் பூஜ்யம்

"வலி எவ்வளவு தம்பி? ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா பத்து."

"பூஜ்யம் டாக்டர்," என்றான் கிப்தாருஸ்.

டாக்டர் சோரனின் முகம் மலர்ந்தது. கென்யாவின் இட்டென் ஊர் ஓட்டக்காரர்களின் தீராத குதிகால் தசைநாண் வலிக்கு ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வு அவருடையது. பாதிப் பேருக்கு அவரவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. ஆனால் வந்தவனெல்லாம் பூஜ்யம் என்கிறான்.

நர்ஸ் ஜெமுதாய் அந்தப் பூஜ்யத்தை நம்பவில்லை. கிப்தாருஸ் அவள் அண்ணன். அவன் ஓடித்தான் அவளைப் படிக்க வைத்தான். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

"டாக்டர், முதல்ல இவங்கள வெளிய அனுப்புங்க."

சுவரோரம் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனோடு ஒரே நாளில் விருத்தசேதனச் சடங்கில் கத்திக்கு முன் நின்று ஆண்பிள்ளை ஆனவர்கள்.

"எதுக்கு? துணைக்கு வந்திருக்காங்க. பாசக்காரப் பசங்க."

"பாசமாவது ஒண்ணாவது. கத்தி வைக்கிற அன்னிக்கு எங்க பசங்க முகத்துல சேறு பூசிக் காயவிடுவாங்க. முகத்தச் சுளிச்சா சேறு வெடிக்கும். வெடிச்சா ஆயுசுக்கும் கோழைன்னு பேரு. இவங்க முன்னாடி வலிக்குதுன்னு எவன் சொல்லுவான்?"

அவர்களில் ஒருவன் மட்டும் சிரித்தான். "நர்ஸம்மாவுக்குப் படிப்பு தலைக்கேறிப் போச்சு. டேய், ஞாயித்துக்கிழமை எல்டோரெட் பந்தயத்துல ஓடறேதானே?"

"ஓடறேன்," என்றான் கிப்தாருஸ்.

மற்றவர்கள் கண் இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அருமை," என்று பேனாவை எடுத்தார் டாக்டர்.

"நம்பரக் கேட்டீங்க, காலத் தொட்டுப் பாத்தீங்களா? நாண் இத்துப்போயிருந்தா பந்தயத்துல அறுந்துடும். அப்புறம் ஓட்டம் ஏது, பொழப்பு ஏது?" அவள் கட்டிலருகே போனாள். "அண்ணே, குப்புறப் படு."

படுத்தான். முகம் சுவர்ப்பக்கம், அந்தக் கண்களுக்கு நேராக.

காலுறையை உருவினாள். கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினால் பாதம் தானாக அசைய வேண்டும். அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். கட்டில் விளிம்பில் பாதம் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. குதிகாலுக்கு மேலே தடவினாள். நாண் இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல் பள்ளத்தில் இறங்கியது.

டாக்டரின் பேனா நின்றது.

"எப்போண்ணே?" என்றாள், விரலை எடுக்காமலே.

"காலையில, மைதானத்துல." அவன் குரல் பிசகவில்லை. "அறுந்த சத்தம் இவங்க எல்லாருக்கும் கேட்டுச்சும்மா. என் முகத்தப் பாக்கத்தான் கூடவே வந்திருக்காங்க."